பி.இ. முடித்த எனக்கு 14 ஆயிரம், டிப்ளமோ தம்பிக்கு 26 ஆயிரம். டிகிரிக்கு என்னதான் மதிப்பு?

நாமக்கல்_மெக்:

வணக்கம். 2022-ல் மெக்கானிக்கல் முடித்தேன், சுயநிதிக் கல்லூரி, 64 சதவீதம். மூன்றாம் செமஸ்டர் மேத்ஸ் அரியர் கடைசி வருடம் வரை இழுத்ததால் கேம்பஸ் இன்டர்வியூவில் உட்காரவே விடவில்லை. இப்போது நாமக்கல்லில் ஒரு லாரி பாடி கட்டும் பட்டறையில் ஸ்டோரும் கணக்கும் பார்க்கிறேன். 14 ஆயிரம்.

என் சித்தப்பா மகன் டிப்ளமோதான். ஆனால் வாய் இருக்கிறது. ஊர்த் திருவிழாவில் வாலிபால் போட்டி நடத்தினான், அதற்குப் பரிசு கொடுக்க வந்த ஒருவரிடம் நம்பர் வாங்கி வைத்துக்கொண்டான், தீபாவளி பொங்கல் என்று விடாமல் மெசேஜ் போட்டான், கடைசியில் அவர் சொல்லித்தான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டான். 26 ஆயிரம், பஸ், கேன்டீன் எல்லாம் உண்டு. அப்பா லாரி டிரைவர். "உனக்குக் கட்டின ஃபீஸுக்கு ஒரு பழைய வண்டியே எடுத்திருக்கலாம்" என்று சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார், ஆனால் சொல்கிறார்.

எனக்கு நாலு பேர் நிற்கும் இடத்தில் ஐந்தாவதாகப் போய் நிற்கவே கூச்சம். எம்.இ. சேரலாமா, இல்லை ஆள் பிடிக்கும் வித்தையைக் கற்றுக்கொள்வதுதான் வழியா? உண்மையைச் சொல்லுங்கள்.

ஒரகடம்_பி_ஷிப்ட்:

தம்பி, நான் ஆள் எடுக்கும் பக்கத்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன், கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை. உள்ளே நடப்பதை அப்படியே சொல்கிறேன்.

ஒரு டிரெய்னி வேலை என்று போட்டால் ரெஸ்யூம் வந்து குவியும். யாரும் ஒவ்வொன்றாகப் படிப்பதில்லை. எக்செலில் போட்டு முதலில் படிப்பு, அடுத்து எந்த வருடம் முடித்தது, அடுத்து 60 சதவீதம் என்று ஃபில்டர் அடிப்போம். உங்கள் 64 தப்பிக்கும், ஆனால் 2022 என்பது அடிபட்டுவிடும், ஏனென்றால் டிரெய்னிக்கு போன வருடம் அல்லது இந்த வருடம் முடித்தவர்கள்தான் வேண்டும் என்பார்கள். அரியர் வரலாற்றைவிட இந்த மூன்று வருட இடைவெளிதான் உங்களுக்கு வினை. அதே நேரத்தில் "சார், நம்ம பையன், கொஞ்சம் பாருங்க" என்று வாட்ஸ்அப்பில் வரும் ரெஸ்யூமை ஃபில்டருக்கு வெளியே வைத்து ஒரு தடவையாவது திறந்து பார்ப்போம். ஆள் தெரிந்தால் கிடைப்பது இவ்வளவுதான், திறந்து பார்ப்பார்கள்.

அதற்கு மேல் சிபாரிசு செல்லாது. போன மாதம் பெரிய இடத்து சிபாரிசில் ஒரு பையன் வந்தான், பேச்சு அருவி மாதிரி. எங்கள் சூப்பர்வைசர் மேஜையில் கிடந்த வெர்னியரை எடுத்துக் கையில் கொடுத்து, இந்த புஷ்ஷின் வெளி விட்டத்தை அளந்து சொல் என்றார். திருப்பித் திருப்பிப் பார்த்தான். லீஸ்ட் கவுன்ட், அதாவது அதில் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு, 0.02 மி.மீ. என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. அனுப்பிவிட்டோம், சிபாரிசு செய்தவருக்கும் நாங்களே போன் போட்டு விஷயத்தைச் சொன்னோம்.

டிப்ளமோ ஆட்களை ஏன் விரும்புகிறார்கள் என்றால், பி.இ. படித்தவன் லைனில் நிற்க மாட்டான், ஒரு வருடத்தில் கிளம்பிவிடுவான் என்ற பயம்தான். உங்கள் தம்பி கம்பெனி ரோலில் இருக்கிறானா, கான்ட்ராக்டர் ரோலில் இருக்கிறானா என்று சம்பளச் சீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓவர்டைம் சேர்த்த 26-ஆ என்றும் கேளுங்கள்.

எம்.இ. வேண்டாம். வீட்டில் கேள்வி கேட்பது இரண்டு வருடம் தள்ளிப்போகும், அதைத் தவிர ஒரு பலனும் இல்லை.

வெட்டிப்பேச்சு:

டிகிரியும் இல்லை பர்சனாலிட்டியும் இல்லை ப்ரோ, மாமன் மச்சான் இருந்தால் வேலை. மற்றது எல்லாம் கதை. சிபாரிசு வேண்டாம் என்றால் குரூப் 4 எழுதுங்கள். பத்தாவது போதும், இன்டர்வியூ கிடையாது, எழுதிய மார்க்தான். ஆனால் 2022-ல் 7,301 இடம் என்று அறிவித்ததற்கு (பிறகு கூட்டினார்கள்) சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பம் போட்டார்கள். நானும் எழுதினேன். எனக்கு முன் பெஞ்ச் பி.இ., பக்கத்து பெஞ்ச் எம்.எஸ்சி. பத்தாம் வகுப்புத் தகுதிக்கான பரீட்சை அது. டிகிரியின் மதிப்பை அந்த ஹாலில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம்.

முதல்_பட்டதாரி:

டிகிரியில் ஒன்றுமில்லை என்று பேசுகிறவர்களை எனக்குத் தெரியும். பெரும்பாலும் அவர்களுக்கு ஒரு மாமா இருப்பார். எங்கள் வீட்டில் மாமாக்கள் எல்லோரும் செங்கல் சூளையில் இருந்தார்கள்.

2012-ல் கவுன்சிலிங்குக்காக அப்பாவும் நானும் கிண்டிக்கு வந்தோம். அப்போது நேரில்தான் வர வேண்டும். திரையில் ஒவ்வொரு கல்லூரியாக இடம் குறைந்துகொண்டே வரும், அப்பா எதுவும் புரியாமல் முதல் பட்டதாரி சான்றிதழ் இருந்த பிளாஸ்டிக் கவரை மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டணச் சலுகை 2010-ல் வந்திராவிட்டால் நான் படித்தே இருக்க மாட்டேன். ஆகவே டிகிரி எனக்கு வெறும் காகிதம் இல்லை. எனக்கு ஆள் தெரிய வைத்ததே அந்தக் கல்லூரிதான். கடைசியில் என்னை ஐ.டி. வேலைக்கு ரெஃபர் செய்தது ஹாஸ்டலில் பக்கத்து அறையில் இருந்த சீனியர் அக்கா. அவருக்கு ரெஃபரல் போனஸ், எனக்கு வேலை. இருவருக்கும் லாபம், இதில் யாரும் யாருக்கும் கடன்படவில்லை.

பர்சனாலிட்டி என்கிறார்களே, அதைப் பற்றி ஒன்று. முதல் மூன்று இடங்களில் என்னைக் கழித்தது எச்.ஆர். ரவுண்டில்தான். "கம்யூனிகேஷன் போதாது" என்றார்கள். இங்கிலீஷ் வரவில்லை என்பதற்கு அது மரியாதையான வார்த்தை. தமிழ் மீடியம் பிள்ளைக்கு குணம் இல்லையா, பேச்சு இல்லையா? தாம்பரம் வரை 21ஜி பஸ்ஸில் "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்"-க்கான பதிலை முணுமுணுத்துக்கொண்டே போவேன், கண்டக்டர் ஒரு நாள் "என்னம்மா மந்திரமா?" என்றார். கூச்சம் போகுமா என்று கேட்டால், போகாது. எனக்கு இன்னும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே பேசப் பழகிவிட்டேன்.

ஷார்ஜா_சேகரன்:

ஒரு விஷயம் மட்டும். இங்கே ஆள் தெரிந்துதான் வந்தேன், நண்பனின் மச்சான். ஆனால் இன்ஜினியர் என்று விசா அடிக்க அசல் டிகிரியைக் கேட்டார்கள். ஊரில் ஒரு முத்திரை, டில்லி வெளியுறவுத் துறையில் ஒன்று, அமீரகத் தூதரகத்தில் ஒன்று. என்னைவிட வேலை தெரிந்த ஃபோர்மேன் ஒருவர், பத்தாவது, இருபது வருடமாக அதே ஃபோர்மேன். டிகிரி இல்லாததன் வலி சேரும் அன்று தெரியாது நண்பா, பிறகுதான் தெரியும்.

ஒரகடம்_பி_ஷிப்ட்:

சேகரன் சொல்வது எங்கள் பக்கமும் உண்மை. லைன் லீடரில் இருந்து இன்ஜினியர் ஆகும்போதுதான் டிகிரி கேட்கும் கட்டம் வரும். நாமக்கல் தம்பி, உங்கள் சித்தப்பா மகனிடம் சொல்லுங்கள், டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவர்கள் மாலை வகுப்பில் பி.இ. படிக்க கோயம்புத்தூர், சேலம் அரசுப் பொறியியல் கல்லூரிகளில் வழி இருக்கிறது. அவன் இருப்பது இங்கே, கல்லூரி அங்கே, அதுதான் சிக்கல்.

உங்களுக்கு வேறு ஒன்று. லாரி பாடி பட்டறை என்று ஏன் தலையைக் குனிந்துகொண்டு எழுதுகிறீர்கள்? கேபின், பாடி கட்ட ஏ.ஐ.எஸ். 093 என்று விதியே இருக்கிறது, பட்டறையில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்திருப்பார்கள்? நீங்கள் பாருங்கள். சேஸிஸ் கம்பெனி சர்வீஸ் ஆட்கள், டீலர், ஸ்டீல் சப்ளையர் எல்லோரும் உங்கள் ஸ்டோரைத் தாண்டித்தானே போகிறார்கள்? உங்கள் தம்பி வாலிபால் நடத்தித் தேடிப் பிடித்த ஆட்கள் உங்கள் கவுன்டருக்கே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

நாமக்கல்_மெக்:

எல்லோருக்கும் நன்றி. தம்பியிடம் கேட்டேன். கான்ட்ராக்டர் ரோல்தான், மார்ச்சில் முடிகிறது, ஓவர்டைம் இல்லாமல் 19. வீட்டில் சொல்லாதே என்றான். சொல்லவில்லை.

அண்ணா, நீங்கள் சொன்ன பிறகு இன்று கேட் பாஸ் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு சேஸிஸ் கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியர் ஆறு மாதத்தில் ஒன்பது தடவை வந்திருக்கிறார். ஒன்பது தடவையும் பேனா கொடுத்தது நான்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. வியாழக்கிழமை மறுபடியும் வருகிறார். என்ன பேசி ஆரம்பிப்பது?

முதல்_பட்டதாரி:

டீ சொல்லுங்கள் தம்பி. அப்புறம் 093-ல் புரியாத இடம் ஒன்றைக் கேளுங்கள்.