சுற்றில் வரும் ‘கிரவுண்டு’க்குத் தரை வேண்டாம், மட்டம் போதும்

அண்ணாச்சிக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம்.

மேல்நிலை வகுப்பு மின்னணுப் பாடத்துக்காக நாம் தொகுத்து வரும் சொற்பட்டியலில், மின்சுற்றில் வோல்ட் அளக்கப் பூச்சியமாக வைத்துக்கொள்ளும் புள்ளியான ‘கிரவுண்டு’க்கு எதிரே தரை, நிலம், புவிமுனை என்று மூன்று சொற்கள் நிற்கின்றன. மூன்றையும் எடுத்துவிட்டு மட்டம் என்று போடலாம் என்பது என் முன்மொழிவு. ஐ.சி. எனும் சில்லின் ஒரு காலையோ வேறொரு முனையையோ குறிக்கும் இடத்தில் மட்டமுனை. கொஞ்சம் விரிவாகவே காரணம் சொல்கிறேன். இந்த ஒரு சொல்லில் பிள்ளைகள் இடறினால், வோல்ட் என்பதே அவர்களுக்குக் கடைசிவரை பிடிபடாமல் போய்விடுகிறது.

வீட்டு வயரிங்கில் எர்த்து என்றால் உண்மையிலேயே மண்தான். குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, குழாயோ தகடோ இறக்கி, அதிலிருந்து கம்பி இழுக்கிறோம். மிக்ஸியின் இரும்பு உடம்பில் கரண்ட் கசிந்தால் அந்தக் கம்பி வழியே பாயும், பியூஸ் போகும், தொட்டவர் தப்பிப்பார். இதற்குப் புவியிணைப்பு என்ற சொல் அருமையாகப் பொருந்துகிறது, அதில் கைவைக்க வேண்டாம். ஆனால் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஒரு சுற்றுக்கு மண்ணோடு எந்த ஒட்டும் உறவும் கிடையாது. ஓடும் பேருந்தில் ஒருவர் கையில் வைத்திருக்கும் செல்போனுக்குள்ளும் கிரவுண்டு இருக்கிறது. அதை யாரும் எந்தக் குழியிலும் புதைக்கவில்லை.

தொழிற்கல்விப் பிரிவில் அடிப்படை மின்னணுப் பொறியியல் எடுத்து வரும் பிள்ளைகளில் சிலர் மாமாவோடோ சித்தப்பாவோடோ வயரிங் வேலைக்குப் போய்ப் பழகியவர்கள். எர்த்து அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் தரை என்ற சொல் அவர்களை இன்னும் மோசமாகத் திசைதிருப்புகிறது. 555 என்ற டைமர் ஐ.சி.யை வைத்து எல்.இ.டி. விட்டுவிட்டு எரியும் சுற்றைப் பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் சொருகிப் பார்க்கும் பலகையில்) போட்டுக்கொண்டிருந்த ஒரு பையன், ஐ.சி.யின் 1ஆம் கால் தரைக்குப் போக வேண்டும் என்று படித்துவிட்டு, அங்கிருந்து நீளமாக ஒரு வயரை இழுத்து வந்து, “சார், இத பிளக்குல பெரிய ஓட்டையில சொருகட்டுமா?” என்று என்னிடம் கேட்டான். மூன்று முனை பிளக்கில் பெரிய ஓட்டை எர்த்து என்பது சரிதான். அவன் படித்ததும் சரிதான். சொல்தான் அவனை அங்கே கூட்டிப் போனது. கேட்காமல் சொருகி, அது வேறு ஓட்டையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

சரி, மட்டம் என்ற சொல்லுக்கு எப்படி வந்தேன் என்றால், நம்ம திருநெல்வேலிப் பக்கத்து அணைகளால்தான். பேப்பரில் தினமும் அணை நீர்மட்டம் வருகிறது. பாபநாசத்தின் முழுக்கொள்ளளவு 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. இந்த அடிகள் கடலிலிருந்து அளந்தவை அல்ல. அந்தந்த அணை தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரு பூச்சியத்திலிருந்து அளந்தவை. பாபநாசத்தையும் சேர்வலாற்றையும் சுரங்கவழி இணைக்கிறது. இரண்டிலும் நீர் ஒரே மட்டத்தில் நின்றாலும் காட்டும் எண் வேறாக இருக்கும், காரணம் பூச்சியம் வைத்த இடம் வேறு. மணிமுத்தாற்றில் 90 அடி, பாபநாசத்தில் 100 அடி என்று படித்துவிட்டு, பாபநாசத்துத் தண்ணீர் பத்தடி மேலே நிற்கிறது என்று யாராவது சொன்னால் அம்பாசமுத்திரத்துக்காரர் சிரிப்பார். வோல்ட்டும் இப்படித்தான். எங்கிருந்து அளக்கிறோம் என்று சொல்லாமல் ‘இந்தப் புள்ளியில் 5 வோல்ட்’ என்பதற்குப் பொருளே இல்லை. எந்தப் புள்ளியைப் பூச்சியம் என்று நாம் வைத்துக்கொள்கிறோமோ அதுதான் கிரவுண்டு. அது மண் அல்ல, ஒரு தீர்மானம்.

செய்முறையில் இதைக் காட்ட நல்ல வழி தண்ணீர் மோட்டார் சுற்று. மண்ணின் ஈரத்தைப் பார்த்துச் சின்ன மோட்டாரை ஓடவிடும் புராஜெக்ட்டைப் பிள்ளைகள் விரும்பிச் செய்கிறார்கள். ஆர்டுயினோ போர்டு (நிரல் எழுதி ஓட்டும் சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை) பவர் பேங்கிலிருந்து 5 வோல்ட்டில் ஓடும், மோட்டாருக்குத் தனியே 12 வோல்ட் பேட்டரி, நடுவில் சுவிட்ச் மாதிரி டிஐபி122 டிரான்சிஸ்டர். எல்லாம் சரியாகக் கட்டியும் மோட்டார் ஓடாது. மீட்டரின் கறுப்பு முனையைப் போர்டின் மைனஸில் வைத்து, சிவப்பை டிரான்சிஸ்டருக்குக் கட்டளை போகும் காலான பேஸில் தொட்டால் 5 வோல்ட் காட்டும். பையன் குழம்பிப்போவான். சிவப்பை அங்கேயே வைத்துக்கொண்டு கறுப்பை மட்டும் 12 வோல்ட் பேட்டரியின் மைனஸோடு சேர்ந்திருக்கும் காலான எமிட்டருக்கு மாற்றினால் பூச்சியம். ஒரே புள்ளிதான், அளக்கும் இடம் மாறியதும் எண் மாறிவிட்டது. டிரான்சிஸ்டருக்குத் தெரிவது எமிட்டரிலிருந்து பார்த்த வோல்ட் மட்டுமே. அப்புறம் இரண்டு மைனஸையும் ஒரு வயரால் இணைத்தால் பேஸுக்குப் போன கரண்ட் திரும்பிவர வழி கிடைக்கிறது, மோட்டார் ஓடுகிறது. இந்த இடத்தில் “இரண்டு தரைகளையும் இணை” என்று எழுதிப் பாருங்கள், பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. “இரண்டுக்கும் மட்டம் ஒன்றாக வேண்டும்” என்றால் செய்ய வேண்டியதும் தெரிகிறது, ஏன் என்பதும் தெரிகிறது.

குழுமத்தில் வந்த மற்றச் சொற்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பொதுமுனை எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் ஏழு கோடுகளால் எண் காட்டும் செவன் செக்மென்ட் டிஸ்பிளேயில் எல்லா எல்.இ.டி.க்கும் பொதுவாக ஒரு கால் உண்டு, பொது ஆனோடு வகையில் அது பிளஸுக்குப் போகிறது. அதைக் கொண்டுபோய் மைனஸில் இணைத்தால் ஒரு கோடும் எரியாது. சுழிமுனை என்றால், 0, 1 என்ற இரண்டே நிலைகளில் ஓடும் லாஜிக் சுற்றின் 0 உடன் மோதும். டிடிஎல் என்ற வகை லாஜிக் ஐ.சி.யின் உள்ளீட்டில் 0.8 வோல்ட் வரை 0 என்றே கணக்கு, ஆக லாஜிக் 0 வேறு, கிரவுண்டு வேறு. அண்ணாச்சி சொன்ன அடிமுனை அழகான சொல், ஆனால் ஆப்-ஆம்ப் (ஒரு வகைப் பெருக்கி ஐ.சி.) பாடத்தில் கவிழ்ந்துவிடும். இரண்டு 9 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்து நடுப்புள்ளியைக் கிரவுண்டாக வைக்கிறோம். ஒரு பக்கம் +9, மறுபக்கம் -9. அங்கே கிரவுண்டு அடியில் இல்லை, நடுவில் இருக்கிறது. மட்டம் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

கிரவுண்டு என்றே எழுதிவிடலாமே என்று கேட்ட நண்பருக்கு: போர்டில் கிரவுண்டைச் சுருக்கி ஜி.என்.டி. என்று அச்சிட்டிருப்பதால் அந்த ஒலியும் பிள்ளைகளுக்குத் தெரிந்தே ஆக வேண்டும், முதல்முறை வரும்போது சேர்த்தே சொல்லிக்கொடுப்போம். ஆனால் பள்ளிக்கூடத்தில் கிரவுண்டு என்றால் விளையாட்டு மைதானம். பாடத்துக்குள் அந்தச் சொல் தானாக எதையும் விளக்குவதில்லை. மட்டம் என்றால் மட்டமான பொருள் என்றும் அர்த்தம் வருமே என்ற தயக்கம் புரிகிறது. கொத்தனாரின் ரசமட்டத்தையும் குளத்து நீர்மட்டத்தையும் யாரும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை, சுற்றுக்குள் வரும்போதும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வரைபடக் குறிகளும் இதற்குத் துணை நிற்கின்றன. கீழே போகப்போகச் சிறுக்கும் மூன்று கோடுகள் புவியிணைப்புக்கு, தலைகீழ் முக்கோணம் மட்டத்துக்கு. புத்தகங்களிலேயே இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். நம் பாடத்திலாவது பிரித்தே போடுவோம். வண்டி மெக்கானிக்குகள் சொல்லும் ‘பாடி எர்த்து’ இன்னொரு சிக்கல். பேட்டரி மைனஸை வண்டியின் இரும்போடு இணைக்கிறார்கள், வண்டியோ ரப்பர் டயரில் நிற்கிறது. அதற்கு உடல்மட்டம் என்று எழுதலாம்.

கிளைச்சொற்களையும் பார்த்துவிட்டேன், பெரும்பாலும் இடிக்காமல் வருகின்றன: பொதுமட்டம் (காமன் கிரவுண்டு), மட்டத்தளம் (கிரவுண்டு பிளேன்), ஆப்-ஆம்ப்பில் வரும் தோற்றமட்டம் (விர்ச்சுவல் கிரவுண்டு). எந்த மட்டத்தோடும் சேராத சுற்றை மட்டமிலி என்று எழுதிப் பார்த்தேன், மிதக்கும் சுற்று என்பதே தேவலை என்று படுகிறது.

மட்டக்கண்ணி (கிரவுண்டு லூப்) என்ற சொல்லில்தான் உறுதிக்கு வர முடியவில்லை. இரண்டு கருவிகளின் மட்டங்கள் இரண்டு வழியாக இணைந்து வளையமாகும்போது ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்குமே, அதற்காக வைத்தது. கோயில் கொடைக்கு மைக் செட் கட்டுகிறவர்கள் இந்த உறுமலுக்குச் சொந்தமாக ஒரு பேர் வைத்திருப்பார்கள். குழுமத்தில் அந்த வேலை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், வாயில் வழங்குகிற சொல்லை அப்படியே எழுதி அனுப்புங்கள்.