லேசர் அடிச்சு சர்வர் சிப்பை குளிர வைக்க முடியுமா?

போட்டான்பிரியன்:
லேசர்னாலே சூடுன்னுதான் எல்லாரும் நினைக்கிறோம், ஆனா இட்டெர்பியம்ங்கிற உலோகம் கலந்த ஃப்ளூரைடு கிரிஸ்டல்ல சரியான நிறத்துல லேசர் அடிச்சா அது குளிருது. உள்ள போற ஒளியோட அலைநீளம் 1020 நானோமீட்டர், வெளிய வர்றது சராசரியா 1000ஐ ஒட்டி, அலைநீளம் குறைஞ்சா எனர்ஜி கூடும், அதாவது ஒவ்வொரு போட்டானும் (ஒளித்துகளும்) கொஞ்சம் கூடுதல் எனர்ஜியோட வெளிய வருது, அந்தக் கூடுதல் கிரிஸ்டலோட அதிர்வுல இருந்து, அதாவது அதோட வெப்பத்துல இருந்து எடுத்தது. கம்ப்ரசர் இல்ல, தண்ணி இல்ல, அசையற பாகம் ஒண்ணுகூட இல்ல. சர்வர் சிப்புக்கு ஏன் இதைக் கொண்டுவரக் கூடாது?

ஜூல்கணக்கு:
நீங்க சொன்ன நம்பரையே எடுத்துக்கோங்க ப்ரோ. 1020க்கும் 1000க்கும் வித்தியாசம் 2 சதவீதம். 100 வாட் லேசரை கிரிஸ்டல் முழுசா உறிஞ்சினாலும் 2 வாட் வெப்பம்தான் போகும், அப்போ 200 வாட் சிப்புக்கு 10 கிலோவாட் லேசர் வேணும், அந்த லேசரை ஓட்ட கரண்ட் அதுக்கும் மேல. சாதாரண ஏசியே ஒரு வாட் கரண்டுக்கு மூணு வாட் வெப்பத்தை நகர்த்திடுது.

குளிர்அணு:
ஆனா லேசர் வச்சு சோடியம் அணுவை 1985லயே 240 மைக்ரோகெல்வினுக்கு, அதாவது குளிரோட கடைசி எல்லையான முழுப்பூஜ்ஜியத்துக்கு ரொம்பப் பக்கத்துல கொண்டு போயிட்டாங்களே, இயற்பியலாளர் ஸ்டீவன் சூ டீம்?

ஜூல்கணக்கு:
அது வேற வழி. அங்க எதிர்ல வர்ற அணு மேல போட்டான் மோதி மோதி வேகத்தைக் குறைக்குது, ஒரு மோதலுக்கு நொடிக்கு 3 சென்டிமீட்டர்தான் குறையும், வெற்றிடத்துல மிதக்குற அணுக்கூட்டத்துக்கு அது சரி, திடப்பொருளுக்கு ஆகாது.

போட்டான்பிரியன்:
2 சதவீதத்தை நான் மறுக்கல. ஆனா வெப்பம் எந்த ரூபத்துல வெளிய போகுதுன்னு பாருங்க, ஒளியா போகுது! ஏசி வெப்பத்தை வெதுவெதுப்பான காத்தா கொட்டுது, அதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது, ஒளியை சோலார் செல் மாதிரி ஒண்ணுல பிடிச்சு திரும்ப கரண்டாக்கலாம். அதோட முழு சிப்பையும் குளிர வைக்கணும்னு அவசியமில்ல, ரொம்ப சூடாகுற குட்டி குட்டி இடத்துல மட்டும் அடிச்சா போதும். அமெரிக்காவோட சாண்டியா ஆய்வுக்கூடம் 2025ல கேலியம் ஆர்சனைடுங்கிற குறைக்கடத்தியை வச்சு இந்த வழியிலதான் இறங்கியிருக்கு.

ஜூல்கணக்கு:
திரும்பப் பிடிக்கிறதுலதான் சிக்கலே. உள்ள போறது ஒரே திசை, ஒரே நிறம், வெளிய வர்றது எல்லாத் திசையிலயும் சிதறி வருது, அந்த ஒழுங்கின்மை கூடுறதாலதான் குளிரவே செய்யுது, 1946லயே சோவியத் இயற்பியலாளர் லாண்டாவ் இதைக் காட்டிட்டார். கேலியம் ஆர்சனைடு இன்னும் மோசம், ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும்னு சொல்ற எண்) 3.5 பக்கம், நேர்க்கோட்டுல இருந்து 17 டிகிரிக்கு மேல சாஞ்ச ஒளி பரப்புல பட்டு உள்ளயே திரும்பிடும், திரும்பினது கடைசில எதுலயாவது உறிஞ்சப்பட்டு சூடாகும். துளி இரும்பு, துளி செம்பு கலந்திருந்தாலே அது ஒளியை உறிஞ்சி சூடாக்கிடும், ஆட்டம் க்ளோஸ்.

குளிர்அணு:
சர்வரை விடுங்க, இதுக்குன்னே ஒரு இடம் இருக்கு. சாட்டிலைட்ல இருக்குற இன்ஃப்ராரெட் சென்சார். அதைக் குளிர வைக்கணும், ஆனா மெக்கானிக்கல் கூலரோட அதிர்வு படத்தைக் கெடுத்துடும், அங்க சில வாட் போதும், எஃபிஷியன்சி ரெண்டாவது பட்சம். 1995ல கண்ணாடித்துண்டை 0.3 டிகிரி குறைச்சாங்க, அப்புறம் கிரிஸ்டல் 91 கெல்வின் (மைனஸ் 182 டிகிரி செல்சியஸ்) வரைக்கும் போச்சு, 2018ல நிஜ சென்சார் ஒண்ணையே 135 கெல்வினுக்கு (மைனஸ் 138 டிகிரி செல்சியஸ்) கொண்டு வந்தாங்க. அந்தக் குளிருக்கு பெல்டியர், அதாவது அசையற பாகமில்லாம கரண்ட் மூலமா குளிர வைக்குற தகடு, எட்டவே எட்டாது.

ஜூல்கணக்கு:
இதுல எனக்கு சண்டையே இல்ல. போட்டான்பிரியன், உங்க சிப்புக்கு மட்டும் ஒரு நம்பர் காட்டுங்க: ஒரு சதுர சென்டிமீட்டர்ல இருந்து எத்தனை வாட் எடுக்குது, லேசருக்குப் போற கரண்டையும் சேர்த்து.

போட்டான்பிரியன்:
அந்த நம்பர் லேப்ல இருந்து வரட்டும், நானும் அதுக்குத்தான் காத்திருக்கேன். ஆனா 0.3 டிகிரில நின்னப்பவே இது ஆகாதுன்னு விட்டிருந்தா 135 கெல்வின் சென்சாரும் வந்திருக்காது.