பொலிசுக்குப் போகலாமோ? வன்னியில இருந்து சில அனுபவங்கள்

அக்கராயன் பொடியன்:

வணக்கம். பொலிஸ் கொன்ஸ்டபிளுக்கு ஆள் எடுக்கிறாங்கள் எண்டு வர்த்தமானியைக் கூட்டாளி ஒருத்தன் போனில அனுப்பினவன். ஏ.எல் எடுத்து மூண்டு வருசம். கம்பஸ் கிடைக்கேல்லை. காலபோகத்துக்கு மாமாவோட வயல், மிச்ச நாளில மேசன்மாருக்குக் கையாள். உயரம், கண், ஓட்டம் ஒண்டும் எனக்குப் பிரச்சினை இல்லை. பிரச்சினை வீட்டில.

அப்பா புலிகளின்ர தமிழீழக் காவல்துறையில இருந்தவர். நீலச் சட்டையோட நிக்கிற படம் ஒண்டுதான் மிச்சம். முள்ளிவாய்க்காலால அம்மா அதைச் சட்டைக்குள்ள வைச்சுக் கொண்டு வந்தவ. ஒரு மூலை தண்ணியில ஊறிப் போச்சுது, முகம் தப்பிற்று. 2009க்குப் பிறகு அப்பாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. 2017 மாசி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில காணாமல் ஆக்கப்பட்ட ஆக்களின்ர சொந்தங்கள் போராட்டமாக் குந்தத் தொடங்கின நாளில இருந்து அம்மா போய் வாறா. நான் பொலிஸ் கதையை எடுத்த உடனை அவ கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"எங்களைப் படம் எடுக்கிற ஆக்களோட நீயும் நிப்பியோ?"

எனக்கு வாய் வரேல்லை.

பொலிசில இருந்த ஆக்கள், இருக்கிற ஆக்கள், பொலிசுக்கு அலைஞ்ச ஆக்கள், ஆரெண்டாலும் உங்களுக்கு நடந்ததை எழுதுங்கோ. அறிவுரை வேண்டாம். அது வீட்டில தாராளமாய்க் கிடைக்குது.

மாங்குளத்துப் பழசு:

தம்பி, எனக்கு எழுபது தாண்டிவிட்டது. எங்கள் காலத்தில் பொலிஸ் வேலை என்றால் மரியாதை. என் சித்தப்பா சார்ஜன்ட். ஊருக்கு லீவில் வந்தால் சப்பாத்தைப் பாலிஷ் போடும் பொறுப்பு எனக்கு. முகம் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி.

1982இல் இருந்து 1985 வரை நாட்டின் பொலிஸ் மா அதிபரே ருத்ரா ராஜசிங்கம் என்ற தமிழர்தான். 83 ஆடியில் தமிழருக்கு எதிராக நடந்ததெல்லாம் அவர் அந்தக் கதிரையில் இருந்தபோது நடந்தது. சித்தப்பா அப்போது தெற்கில் கடமையில் இருந்தார். அவருடைய பொறுப்பதிகாரி ஒரு சிங்களவர், நல்ல மனுசன். "உடுப்பைக் கழற்றாதே, வெளியில் போகாதே" என்று மூன்று நாள் நிலையத்துக்குள்ளேயே வைத்திருந்தாராம். உடுப்பு அவரைக் காப்பாற்றியது. ஆனால் எதிர்ப்பக்கத்தில் அவர் வழக்கமாகச் சுருட்டு வாங்கும் தமிழ்க்கடை எரிந்ததை விறாந்தையில் நின்று பார்த்தார். போய் அணைக்கச் சொல்லி யாருக்கும் ஒரு கட்டளையும் வரவில்லை. அதன் பிறகு வேலையை விட்டு ஊரோடு வந்தவர், சாகும்வரை காக்கி நிறத்தில் ஒரு காற்சட்டை கூட வாங்கவில்லை.

இன்னொன்று. நீலத்துக்கும் காக்கிக்கும் நடுவில் பெரிய மதில் இருப்பதுபோல எழுதியிருக்கிறாய். தமிழீழக் காவல்துறையை 1991இல் இருந்து நடத்திய நடேசன், அதற்கு முன்னர் சிறிலங்கா பொலிசில் கொன்ஸ்டபிளாக இருந்தவர். உன் அம்மாவுக்கு இது தெரிந்திருக்கும், கேட்டுப் பார்.

ஒட்டுசுட்டான் மாட்டுக்காரி:

பொலிஸ் நல்லதோ கெட்டதோ எண்டு பிரசங்கம் பண்ண எனக்குத் தெரியாது. எனக்கு நடந்ததைச் சொல்லுறன்.

பட்டியில நிண்ட மாட்டில நாலு களவு போச்சுது. ரெண்டு கறவை. காலமை ஏழு மணிக்குச் சாணி அள்ளப் போகேக்கதான் கண்டனான். பட்டி வேலியை வெட்டிப்போட்டுச் சாய்ச்சுக்கொண்டு போயிட்டாங்கள். அழுதுகொண்டு பொலிசுக்குப் போனன். எந்த நிலையம் எண்டு எழுதேல்லை, இன்னும் அந்த வழியாலதான் சந்தைக்குப் போறனான்.

மேசையில இருந்தது சின்னப் பொடியன். தம்பியின்ர வயதுதான் இருக்கும். மரியாதையாக் கதிரை எடுத்துப் போட்டவர். தெரிஞ்ச தமிழ் "வாங்க, இருங்க" மட்டும். தமிழ் தெரிஞ்ச ஆள் லீவாம். முன்னால ரொட்டிக் கடை வைச்சிருக்கிறவரைக் கூப்பிட்டு விட்டார். அவர் கையில மாவோட ஓடி வந்து நான் சொல்லச் சொல்லச் சிங்களத்தில சொன்னார். அடுப்பில ரொட்டி கிடந்திருக்கோணும், அவருக்கு அவசரம். பொடியன் அந்தப் பெரிய புத்தகத்தில ஒரு பக்கம் வடிவா எழுதினார். எழுத்து முத்து முத்தா இருந்தது, அதைச் சொல்லத்தான் வேணும். பிறகு "அத்சன, அத்சன" எண்டு கையெழுத்து வைக்கிற இடத்தை விரலால காட்டினார். வைச்சன்.

எட்டு மாசத்தால கோட்டுக்கு அழைப்பு. மாடு ஏத்தின பட்டா லொறி பிடிபட்டுப் போச்சுது, ஆளும் பிடிபட்டான், எண்டு சந்தோசமாப் போனன். என்ர முறைப்பாட்டை மொழிபெயர்த்து வாசிக்கினம்: "காலை நாலு மணியளவில் ஏழு மாடுகள்." ஏழும் நாலும் இடம் மாறிப் போச்சுது. அவன்ர சட்டத்தரணி எழும்பி, "அம்மா, விடியப்புறம் நாலு மணி இருட்டில ஏழு மாட்டை எப்பிடி எண்ணினீங்கள்?" எண்டார். கோட்டில சிரிப்பு. எனக்கே சிரிப்பு வரப் பாத்தது. "கையெழுத்து உங்கடதோ?" ஓம். "வாசிச்சுப் பாத்தோ வைச்சனீங்கள்?" என்னத்தைச் சொல்ல?

1987இல 13ஆம் திருத்தத்தோட தமிழும் அரசகரும மொழி. வடக்கில நிர்வாக மொழியே தமிழ் எண்டு அரசியலமைப்பில கிடக்காம். ரொட்டிக் கடைக்காரருக்கு இதை ஒருத்தரும் சொல்லேல்லைப் போல.

மாங்குளம் ஐயா கோவிக்கக் கூடாது. மா அதிபர் தமிழரா இருந்தும் பிரயோசனம் இல்லை எண்டு சொல்லுறீங்கள், சரிதான். எனக்கு மா அதிபர் தேவையில்லை. அந்த மேசையில இருந்து, நாலு எண்டால் நாலு எண்டு எழுத ஒருத்தன் போதும். தம்பி, நீ போறதெண்டால் அந்தப் பேனைக்காகப் போ.

வவுனியா மாப்பிள்ளை:

சம்பளம், பென்சன் எல்லாம் எழுதுவினம், கலியாணத்தைப் பற்றி ஒருத்தரும் எழுத மாட்டினம். எனக்குப் பேசின ரெண்டு இடம் "பொலிசோ?" எண்டு நழுவிட்டுது. மூண்டாவது இடம் "கவுண்மேந்து உத்தியோகம்தானே" எண்டு தந்தது. மாமனார் இப்ப மோட்டச்சைக்கிளில ஹெல்மற் இல்லாமல் போறார், என்ர பெயரைச் சொல்லிக்கொண்டு. நான்தான் ஒளிச்சுத் திரியிறன்.

விசுவமடு:

எங்கட பக்கம் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின்ர பண்ணைகளிலயும் முன்பள்ளிகளிலயும் வேலைக்குப் போன பிள்ளையளை முதலில என்னவெல்லாம் சொன்னவை. அதில புனர்வாழ்வு முடிச்சு வந்த முன்னாள் போராளியளும் கனபேர். 2018இல அதுக்குப் பொறுப்பா இருந்த இராணுவ அதிகாரி மாற்றலாகிப் போகேக்க அழுது வழியனுப்பினதும் எங்கட ஊர்ச் சனம்தான். திட்டின வாய்தான் பிறகு என்ர மச்சாளிட்ட "ஒரு இடம் கிடக்கோ?" எண்டும் கேட்டது. ஊர் வாயைப் பாத்து முடிவெடுக்காதை, அது வயித்தோட சேர்ந்து மாறும்.

பெயர் வேண்டாம்:

நான் இப்ப வேலையில இருக்கிறன், பெண் கொன்ஸ்டபிள். எந்த மாவட்டம் எண்டு கேக்க வேண்டாம்.

பயிற்சியில முதல் கிழமை அழுகைதான். கட்டளை முழுக்கச் சிங்களம். வமட்ட எண்டால் இடப்பக்கம், தகுணட்ட எண்டால் வலப்பக்கம். எல்லாரும் ஒரு பக்கம் திரும்ப நான் மட்டும் மற்றப் பக்கம் திரும்பி, பக்கத்தில நிண்ட பிள்ளையின்ர மூக்கில மூக்கு முட்டினது. அவ குருநாகல். அண்டு இரவு ரெண்டு பேரும் கட்டிலில இருந்து வமட்ட, தகுணட்ட எண்டு கைவளையலை மாத்தி மாத்திப் போட்டுப் பழகினம். இண்டைக்கும் அவதான் எனக்கு நெருங்கின கூட்டாளி. முதல் லீவில வீட்டை வரேக்க பஸ் ஸ்டாண்ட் கக்கூசில நிண்டு உடுப்பை மாத்தி, சுடிதாரோட ஊருக்குள்ள இறங்கினன். அப்பிடி ஒரு வருசம் செய்தனான்.

சிறுவர், பெண்கள் பிரிவு மேசை எனக்கு. ஒரு பதினஞ்சு வயதுப் பிள்ளையைத் தாய் ரெண்டு தரம் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறா. ரெண்டு தரமும் பிள்ளை வாய் திறக்கேல்லை. "ஒண்டும் சொல்ல மறுத்தார்" எண்டு எழுதி அனுப்பிட்டினம். மூண்டாந்தரம் நான் இருந்தன். காலமை என்ன சாப்பிட்டனீங்கள் எண்டு கேட்டன். புட்டு எண்டா. என்னத்தோட? சம்பல். பிறகு பள்ளிக்கூடம், வலைப்பந்து, அவவின்ர ரீமில ஆர் கோல் சூட்டர் எண்டு ஒரு மணித்தியாலம் போச்சுது. பிறகு தானாச் சொல்லத் தொடங்கினா. நாலு பக்கம் தமிழில எழுதினன். எழுதி முடிச்சு வாசிச்சுக் காட்டேக்க ஒரு இடத்தில, "இல்லை அக்கா, அப்பிடி இல்லை, அவர் அப்ப வாசலில நிண்டவர்" எண்டு என்னை மறிச்சுத் திருத்தினா. வெட்டித் திருத்தி, பக்கத்தில அவவின்ர கையெழுத்து வாங்கினன். மாட்டுக்கார அக்கா சொன்ன பேனை இதுதான் எண்டு நினைக்கிறன்.

மற்றப் பக்கமும் கிடக்கு. லீவு கேட்ட நாளுக்குக் கிடைக்காது. கசிப்பு பிடிக்கப் போனால் பிடிபடுறது எனக்குத் தெரிஞ்ச ஆள், அவரின்ர மனிசி என்ர அம்மாவிட்ட வந்து அழுவா. டிப்பர் மணலை மறிச்சால் மணல் இறங்க முதல் போன் வரும். கை நீட்டுற ஆக்களோடயும் ஒரே மேசையில சோறு தின்னோணும், அவை எல்லாரும் சிங்களவர் எண்டும் நினைக்க வேண்டாம்.

தம்பி, அம்மாவின்ர கேள்விக்கு மழுப்பாமல் சொல்லுறன். படம் எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டி வரும். கோவிலடிக்குப் போகச் சொன்னால் போகோணும். நான் ஒருக்காப் போனனான். கமராவைக் கண்ணில இருந்து இறக்கவே இல்லை. இறக்கினால் எனக்கு முகம் தெரிஞ்ச ஆக்கள் இருப்பினம்.

விட்டிட்டு வந்தவன்:

நாலு வருசம் இருந்தன். 2020 கார்த்திகை. மாவீரர் நாள் செய்யக் கூடாது எண்டு நீதிமன்றத் தடையுத்தரவு. பெயர் கிடந்த ஆக்களின்ர வீட்டுக்குப் போய்க் குடுத்துக் கையெழுத்து வாங்கோணும். என்ர கையில வந்த ஒண்டு எனக்கு ஓ.எல்லுக்குத் தமிழ் படிப்பிச்ச வாத்தியாருக்கு. அவருக்கு ரெண்டு பிள்ளையள் மாவீரர்.

ஜீப்பை ஒழுங்கையில விட்டிட்டு நான்தான் உள்ள போனன். ஆளைக் கண்டோண்ணை பழக்கத்தில செருப்புக் கழட்டிற மாதிரிக் குனிஞ்சு சப்பாத்தில கை வைச்சிட்டன். வாத்தியார் கண்ணாடியைத் தேடிப் போட்டு முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் வாசிச்சார். பிறகு மேசையில கிடந்த சிவப்புப் பேனையை எடுத்து, "பெயரில ண போட்டிருக்கிறாங்கள், ன வரோணும்" எண்டு திருத்திக் கையெழுத்து வைச்சுத் தந்தார். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" எண்டார். ஜீப் ஹோர்ன் அடிச்சது. குடிக்கேல்லை.

இதைக் கேட்ட எல்லாரும் "அதாலதான் விட்டனியோ?" எண்டு கேப்பினம். இல்லை. அதுக்குப் பிறகும் ஒரு வருசம் இருந்தன். அம்மாவுக்கு வருத்தம், இடமாற்றம் கேட்டு மூண்டு கடிதம் போட்டும் வரேல்லை, விட்டன். இப்ப பட்டா ஓடுறன் (மாடு ஏத்துறேல்லை அக்கா). மாசக் கடைசியில சம்பளத்தை நினைக்காமல் விடுறேல்லை.

அக்கராயன் பொடியன்:

எல்லாருக்கும் நன்றி. எல்லாத்தையும் இரவு அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். ஏழு மாட்டுக் கதைக்குச் சிரிச்சா, வீட்டில அப்பிடிச் சத்தமாச் சிரிச்சு நான் கேட்டுக் கன காலம். நடேசன் கதைக்கு, "அது ஊருக்கே தெரியும்" எண்டா. அந்தப் பிள்ளை திருத்தின இடத்தை ரெண்டாந்தரம் வாசிக்கச் சொன்னா. கமராக் கதை வர எழும்பிக் குசினிக்குப் போட்டா. பாத்திரம் கழுவுற சத்தம் கேட்டது, கழுவப் பாத்திரம் ஒண்டும் இருக்கேல்லை.

விதானையாரிட்டை வதிவிடச் சான்றிதழுக்குக் குடுத்திருக்கிறன். விண்ணப்பம் நிரப்பிக் கிடக்கு, தகப்பன் தொழில் எண்ட இடம் மட்டும் வெறுமனே. நேற்றுப் பின்னேரம் முற்றத்தில அரிசி கிளைஞ்சு கொண்டிருந்த அம்மா, என்னைப் பாக்காமல் கேட்டா: "அந்த உடுப்பை அவை தைச்சுத் தருவினமோ, நாங்களோ தைக்கோணும்?"

ஆருக்காவது தெரிஞ்சால் எழுதுங்கோ. முடிவுத் திகதிக்கு இன்னும் ஒன்பது நாள் கிடக்கு.