ஆத்துல அள்ளுனது கடல் குப்பையா?

செந்தூல்காரன்:
எங்க தாமான் (குடியிருப்பு) வாட்சப் குழுவுல நேத்து ஒருத்தர் போட்டிருந்தார்: "2021-ல உலகமே ஆளுக்கொரு டாலர் போட்டுச்சு, அந்தக் காசுல 30 மில்லியன் பவுண்டு எடை பிளாஸ்டிக்கைக் கடல்லேர்ந்து எடுத்துட்டாங்க. நாமளும் இணையத்துல நிதி திரட்டணும்." படிச்சதும் எரிச்சல் தாங்கல. அது டீம்சீஸ்ங்கிற இணைய நிதி இயக்கம் திரட்டுன காசு. டாலருக்கு ஒரு பவுண்டுன்னு கணக்கு. பாதி ஓஷன் கன்சர்வன்சிங்கிற அமைப்புக்குப் போச்சு, கடற்கரையில பொறுக்குறவங்களுக்கு. மறு பாதி ஓஷன் கிளீனப்புங்கிற அமைப்புக்கு, ஆத்துல நிறுத்துற குப்பை பிடிக்கிற பொறிகளுக்கு. ஆத்துல எடுத்தது ஆத்துக் குப்பை. அதைப் போய்க் கடல்லேர்ந்து எடுத்ததா எப்படிச் சொல்றீங்க?

பினாங்குத்தமிழச்சி:
அண்ணே, கடல், ஆறு, கடற்கரைன்னு மூணையும் சொல்லித்தான் காசு கேட்டாங்க. யாரும் யாரையும் ஏமாத்தல.

செந்தூல்காரன்:
பேருல ஆறு இருக்கா? சீஸ்னா கடல். பேரு கடலு, வேலை ஆத்துல.

கிள்ளான்கரை:
நான் கிள்ளான் ஆத்துப் பக்கத்துலயே குடியிருக்கேன். இங்கயும் அந்தப் பொறி ஒண்ணு இருக்கு. போன மழைக்கு மறுநாள் அதோட தடுப்பு மிதவைக்கிட்ட கரையில நின்னு பார்த்தேன். ஆகாயத்தாமரைக்கு நடுவுல ஒரு தே ஐஸ் (ஐஸ் போட்ட டீ) பொட்டலம். சிவப்புக் கயிறு கட்டினது கட்டினபடி, ஸ்ட்ரா குத்தினது குத்தினபடி, உள்ளே பாதி தேயோட மிதந்து வந்துச்சு. அந்த மிதவை மட்டும் இல்லேன்னா சாயங்காலத்துக்குள்ள அது மலாக்கா நீரிணையில. இதுக்கு என்ன பேரு வைப்பீங்க?

செந்தூல்காரன்:
ஆத்துக் குப்பை. கடலுக்குப் போய்ச் சேரலையே? சேராததைச் சேர்ந்ததா எண்ணி, சேர்ந்ததை எடுத்ததாவும் எண்ணுவீங்களா?

பத்துமலைஅடிவாரம்:
நம்ம கிள்ளான் பொறியே டீம்சீஸ் காசுல வந்ததுதானே? நமக்கு லாபம்தான் லா. எதுக்கு இந்தச் சண்டை?

செந்தூல்காரன்:
தம்பி, தெரியாம பேசாதே. கிள்ளான் பொறியை 2019 அக்டோபர்லயே உலகத்துக்குக் காட்டிட்டாங்க. டீம்சீஸ் தொடங்குனதே 2021 அக்டோபர் 29. இன்னொன்னும் கேட்டுக்கோ. 2014-ல ஓஷன் கிளீனப்பை ஆரம்பிச்ச போயன் ஸ்லாட்ங்கிற டச்சுப் பையன் 38,000 பேர்கிட்ட 2.2 மில்லியன் டாலர் வாங்குனது ஆத்துக்குன்னா? பசிபிக் கடலுக்குன்னு சொல்லி வாங்குனது. 2018-ல கொண்டுபோய் விட்ட மிதவை பிளாஸ்டிக்கைப் பிடிச்சு வைக்க முடியாம, வருஷக் கடைசியில உடைஞ்சும் போச்சு. கடல்ல அள்ளுறது அவ்வளவு கஷ்டம். அதனாலதான் கேக்குறேன், ஆத்துல அள்ளிட்டுக் கடல்னு சொல்லாதீங்க.

பினாங்குத்தமிழச்சி:
பாதிக் கதையில நிறுத்திட்டீங்க. 2019-லயே அதைத் திருத்திப் பிளாஸ்டிக்கைப் பிடிச்சுக் காட்டினாங்க. 2021-ல அதைவிடப் பெரிய மிதவை. உடைஞ்சது மட்டும்தான் உங்க கண்ணுல படும். பிரச்சினையோட அடிப்படையே வேற, கடையில கொடுக்குற பை. எங்க பினாங்குல 2011 ஜனவரி 1 முதல் கடையில இலவசப் பை கிடையாது, வேணும்னா அப்ப 20 சென் கொடுக்கணும். உங்களைச் சுத்தியிருக்கிற சிலாங்கூர்லயே எப்ப வந்துச்சு? 2017. ஆறு வருஷம் நீங்க லோங்காங்ல (சாக்கடையில) போட்டதைத்தான் இன்னிக்குக் கிள்ளான்ல அள்ளுறாங்க.

செந்தூல்காரன்:
பினாங்கு பினாங்குன்னு ஆரம்பிச்சாச்சா? சுங்கை பினாங்கு ஓரமா மூக்கைப் பொத்தாம நடந்திருக்கீங்களா? காசு கொடுத்துப் பை வாங்கி அதே லோங்காங்லதான் போடுறாங்க.

பினாங்குத்தமிழச்சி:
எங்க ஆத்தைப் பத்திப் பேச உங்களுக்கு என்ன தகுதி? அங்க கொத்தோங் ரோயோங் (ஊர் கூடித் துப்புரவு) வச்சப்ப காலை ஏழு மணிக்குக் கையுறையோட நின்னவ நான்.

கிள்ளான்கரை:
தகுதின்னதும் ஞாபகம் வருது. போன வருஷம் நாங்க ஆத்தங்கரையில கொத்தோங் ரோயோங் வச்சப்ப செந்தூல் அண்ணன் வந்தார். பேனர்ல அவங்க சங்கத்துப் பேரு சின்னதா இருக்குன்னு பசியாறுறதுக்கு முன்னாடியே கிளம்பிப் போனார். ஒரு மூட்டை கட்டல.

செந்தூல்காரன்:
பேனருக்குப் பாதிக் காசு எங்க சங்கம் கொடுத்தது. அந்தக் கணக்கை இன்னிக்கு வரைக்கும் யாரும் காட்டல. காசு வாங்குனா கணக்குக் காட்டணும்னு நான் அன்னிக்கும் சொன்னேன், இன்னிக்கும் சொல்றேன். ஒரு பவுண்டுன்னா 454 கிராம், அரைக் கிலோ கூட இல்ல. அதுக்கு நாலு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல கொடுத்தவன், எங்கேர்ந்து எடுத்தீங்கன்னு கேக்கக் கூடாதா? எங்க அம்மா பென்ஷன் காசுலேர்ந்து ஐம்பது வெள்ளி போட்டாங்க. ஆமை படம் பார்த்துட்டுப் போட்டாங்க. ஆமை ஆத்துலயா இருக்கு?

பத்துமலைஅடிவாரம்:
ஆத்துலயும் ஆமை இருக்கு அண்ணே. துந்தோங் ஆமை.

செந்தூல்காரன்:
படத்துல இருந்தது கடல் ஆமை!

கிள்ளான்கரை:
அந்தக் கடல் ஆமை வயித்துக்குள்ள போற பை எந்த வழியா போகுது? கோம்பாக் ஆறு மஸ்ஜித் ஜாமேக்ல கிள்ளான் ஆத்தோட சேருது, அங்கேர்ந்து நேரா எங்க ஊருக்கு வருது. பொறியில குப்பையை ஏத்துற பட்டை ஓடி, 6 தொட்டியும் நிரம்பி, எங்க ஊர் ஆளுங்கதான் படகு கட்டி இழுத்துட்டுப் போய்க் கொட்டுறாங்க. நாத்தம் தாங்குறவன் எங்க ஆளு. வார்த்தையைப் பிடிச்சுத் தொங்குறவர் நீங்க. தே ஐஸ் பொட்டலத்துக்கு இன்னும் பதில் வரல.

செந்தூல்காரன்:
முதல்லயே சொல்லிட்டேன். எங்க எடுத்தாங்க?

கிள்ளான்கரை:
ஆத்துல.

செந்தூல்காரன்:
அப்ப ஆத்துக் குப்பை.

பினாங்குத்தமிழச்சி:
கடலுக்குப் போக வேண்டிய குப்பை.

செந்தூல்காரன்:
போகல.

கிள்ளான்கரை:
பேனர் கணக்கு என்கிட்ட இருக்கு. ரசீதோட நாளைக்கு இங்கேயே போடுறேன். அதுக்கப்புறம் பேசுங்க.

செந்தூல்காரன்:
போடுங்க. போடுறவரைக்கும் இதையேதான் கேப்பேன்: ஆத்துல எடுத்ததை ஏன் கடல்னு எழுதுறீங்க?