பாக்டீரியாவின் ஊசியோடு மல்லுக்கட்டியவங்க, உங்க கதையைச் சொல்லுங்க

இரவுப்பறவை:
நானே ஆரம்பிக்கிறேன். சூடோமோனாஸ் ஏருஜினோசா பாக்டீரியா, மூன்றாம் வகை சுரப்பு அமைப்பு: தன் புரதங்களை நம்ம செல்லுக்குள்ள ஏத்த அது வச்சிருக்கிற ஊசி. கல்ச்சரைச் சுழற்றி, செல்லை ஒதுக்கிட்டு, மேலே நிக்கிற திரவத்துல இருக்கிற புரதத்தை அமிலம் விட்டுப் படியவச்சு, புரதத்தை அளவு வாரியா பிரிக்கிற ஜெல்லில் ஓட்டணும். மூணு வாரம் ஓட்டினேன். 50 கிலோடால்டன் (புரத எடை அளவு) பக்கம், ஊசி வழியா வர்ற நச்சுப் புரதங்களான எக்ஸோஎஸ், எக்ஸோடி பட்டையா (பேண்ட்) தெரியணும். ஜெல்லில் அது ஓடின தடம் (லேன்) துடைச்சு வச்ச மாதிரி கிடந்தது. மிச்ச அமிலத்தால, புரதத்தோட கலக்கிற நீலச் சாயம் (லோடிங் டை) மஞ்சளாயிடுச்சு, அதான் காரணம்னு அசிட்டோன்ல ரெண்டு தடவை கழுவினேன். டை நீலமாச்சு. பேண்ட் வரலை.

சீனியர் அக்கா எட்டிப் பார்த்துட்டு, "ஈஜிடிஏ போட்டியா?"ன்னாங்க. போடலை! கால்சியத்தைப் பிடிச்சு வைக்கிற வேதிப்பொருள் அது. மீடியத்துல (வளர்ப்புத் திரவம்) கால்சியம் இருக்கிறவரைக்கும் ஊசி வாயைத் திறக்காது. மறுநாள் 5 மில்லிமோலார் போட்டேன், தடித்தடியா பேண்ட்.

வாய் திறந்த சேதி ஜீனுக்கு எப்படிப் போகுதுங்கிறதுதான் அழகு. எக்ஸ்எஸ்இ-ன்னு ஒரு குட்டிப் புரதம், எக்ஸ்எஸ்சி-யைப் பிடிச்சு வச்சிருக்கும். வழி திறந்ததும் எக்ஸ்எஸ்இ அதே ஊசி வழியா வெளியே போயிடும். கை விடுபட்ட எக்ஸ்எஸ்சி, எக்ஸ்எஸ்டி-யை மடக்கும். அதுவரை எக்ஸ்எஸ்டி அடக்கி வச்சிருந்த எக்ஸ்எஸ்ஏ-ங்கிற புரதம், ஊசி அமைப்போட ஜீன்களை முடுக்கிவிடும். பூட்டையே வெளியே எறியிற வேலை.

கிரிட்பெட்டி:
என்னுது சால்மோனெல்லா. இன்வ்ஜே ஜீனை நீக்கின ஸ்ட்ரெயின். எலக்ட்ரான் நுண்ணோக்கியில பார்த்தா, 50 நானோமீட்டர் பக்கம் நிக்க வேண்டிய ஊசி நூல் நூலா நீண்டு கிடக்கு. ஃபிளஜெல்லா (பாக்டீரியா நீந்துற வால்) கலந்துடுச்சுன்னு, நுண்ணோக்கியில மாதிரியை வைக்கிற குட்டி வலைத் தட்டை (கிரிட்) தூக்கிப் போட்டுட்டேன். அடுத்த கிரிட்லயும் அதே நூல். அப்பதான் தடிமனை அளந்தேன்: ஃபிளஜெல்லா 20 நானோமீட்டர் இருக்கும், இது அதுல பாதிகூட இல்லை. ஊசியேதான்!

இன்வ்ஜே இல்லைன்னா ஊசியை எங்க நிறுத்துறதுன்னு தெரியாது. ஊசிப் புரதத்தையே அனுப்பிக்கிட்டிருக்கும், செல்லுக்குள்ள ஏத்த வேண்டிய புரதத்துக்கு (எஃபெக்டர்) மாறாது. அத்தனை நீள ஊசி இருந்தும் செல்லுக்குள்ள நுழையத் துப்பில்லை. யெர்சினியா பாக்டீரியாவில இதே வேலை பார்க்கிற ஒய்எஸ்சிபி புரதத்தை நீட்டினா ஊசி நீளுது, குறைச்சா குறையுதுன்னு 2003-லயே காட்டிட்டாங்க. முன்னாடியே படிச்சிருக்கணும்.

இரவுப்பறவை:
ஃபிளஜெல்லாவும் இந்தக் குடும்பம்தானே. அதோட அடிக் கொக்கி கட்டி முடிஞ்சப்புறம், எஃப்எல்ஜிஎம்-ங்கிற தடுப்புப் புரதம் வெளியே போனாத்தான் வால் இழைக்கான ஃபிளஜெல்லின் ஜீன் ஓடும். சரி, அந்த முதல் கிரிட் கிடைச்சுதா?

கிரிட்பெட்டி:
குப்பையைக் கிளறினேன். மூணு மில்லிமீட்டர் செம்பு வட்டம், எங்க கிடைக்கப் போகுது.