சட்டகச் சுத்தியல்: எடையா, கைப்பிடியா?

கேள்வி: டொராண்டோவில் மரச்சட்டக வீடுகள் கட்டும் தச்சுப் பணியில் இருக்கிறேன். முழுவதும் எஃகாலான 22 அவுன்ஸ் சுத்தியலால் நாளெல்லாம் ஆணி அடிப்பதால் மாலையில் முழங்கை வலிக்கிறது. எதற்கு மாறலாம்?

மறுமொழி 1: எஃகுக் கைப்பிடியில் அதிர்வு நேரே கைக்கு ஏறும், ஹிக்கரி மரக் கைப்பிடியோ அதில் ஓரளவைத் தானே உள்வாங்கிக்கொள்ளும். 20 அவுன்ஸ் தலையும் ஹிக்கரிக் கைப்பிடியும் உள்ளதைக் கடையில் வீசிப் பார்த்த பிறகே வாங்குங்கள். உள்ளங்கைக்குப் பொருந்தாத தடிமன் இருந்தால், இறுக்கிப் பிடித்தே கை சோர்ந்துவிடும்.

மறுமொழி 2: வசதியிருந்தால், எஃகைவிட இலேசான டைட்டானிய உலோகத் தலை கொண்ட சுத்தியலே என் தேர்வு. அடியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், 14 அவுன்ஸ் தலையை நீண்ட கைப்பிடியில் விரைவாக வீசினாலே பெரிய ஆணியும் இறங்கிவிடும். விலைதான் மிக அதிகம்.

மறுமொழி 3: ஆணியில் படும் சுத்தியல் முகப்பையும் கவனியுங்கள். சொரசொரப்பான முகப்பு ஆணித்தலையில் வழுக்காது. ஆனால் வெளியே தெரியும் மரத்தில் தழும்பு பதிக்கும். வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், தம்பி.