கையில் இருக்கும் மெர்செட் சீட்டா, டி ஆன்ஸா வழியாக பெர்க்கிலியா?

ஃப்ரீமாண்ட் அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். மகன் இந்த ஜூனில் ஹைஸ்கூல் முடிக்கிறான். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் படிப்பேன் என்று யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் போட்டான். பெர்க்கிலி, யூசிஎல்ஏ, சான் டியேகோ மூன்றிலும் கிடைக்கவில்லை. மெர்செட்டில் கிடைத்திருக்கிறது. அவனோ டி ஆன்ஸா கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு, மூன்றாம் வருடத்தில் பெர்க்கிலிக்கு டிரான்ஸ்ஃபர் ஆகிறேன் என்கிறான். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்" என்கிறார். மே 1க்குள் மெர்செட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சான் ரமோன் அப்பா:
உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி மேடம். மெர்செட்டும் யூசிதான், வாங்கப் போவதும் யூசி பட்டம்தான். கலிஃபோர்னியா மாநிலத் தணிக்கை அலுவலகம் 2024ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2017க்கும் 2019க்கும் இடையில் டிரான்ஸ்ஃபர் ஆகும் எண்ணத்தோடு கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தவர்களில், நான்கு வருடத்துக்குள் மாறியவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான். மற்ற நான்கு பேரும் இதே கனவோடுதான் சேர்ந்திருப்பார்கள்.

இன்னொன்று. நண்பர்கள் எல்லாம் ஊரைவிட்டுப் போன பிறகு, அதே பழைய அறையிலிருந்து கிளம்பி வகுப்புக்குப் போய்த் திரும்பும் பதினெட்டு வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள். என் அண்ணன் மகனை அப்படிப் பார்த்தேன். முதல் வருடம் முழுக்கச் சரியாகப் பேசக்கூட இல்லை.

பழைய டி ஆன்ஸாக்காரி:
அண்ணா, அந்த ஐந்தில் ஒருவர் கணக்கு உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நான்கு பேர் யார் என்றும் பாருங்கள். வேலைக்குப் போய்க்கொண்டு குவார்ட்டருக்கு (படிப்பு வருடத்தின் மூன்று பருவங்களில் ஒன்று) ஒரு வகுப்பு, இரண்டு வகுப்பு எடுப்பவர்கள் நிறைய. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மளிகைக் கடையில் ஷிஃப்ட் முடித்து, ஸ்டீவன்ஸ் க்ரீக் வழியாக வரும் 23ஆம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து மாலை வகுப்புக்கு ஓடுவேன். அப்பா உணவகத்தில் வேலை. எந்த வகுப்பு எடுக்க வேண்டும் என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லை. முதல் இரண்டு குவார்ட்டர் எனக்குப் பிடித்த வகுப்பாக எடுத்தேன். மார்க் நன்றாகவே வந்தது, ஆனால் பாதி வகுப்புகள் என் மேஜருக்கு, அதாவது முதன்மைப் பாடத்துக்கு, பிரயோஜனப்படவில்லை.

மூன்றாவது குவார்ட்டரில்தான் கல்லூரியின் கவுன்சிலர், அதாவது படிப்பு ஆலோசகர் ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். அவர் வெள்ளைத் தாளில் ஆறு கட்டம் போட்டார், ஒரு கட்டத்துக்கு ஒரு குவார்ட்டர். முதல் இரண்டு கட்டத்தையும் பேசாமல் கோடு போட்டு அடித்தார். வயிறு கலங்கிவிட்டது. மீதியை நிரப்பியபோது நான்கு கட்டம் போதவில்லை, பக்கத்தில் மூன்று சேர்த்து வரைந்தார். அதன்படியே படித்து, டேக் என்கிற டிரான்ஸ்ஃபர் உத்தரவாதத்தில் யூசி டேவிஸுக்குப் போனேன். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். உங்கள் மகன் அந்தக் கட்டங்களை முதல் நாளுக்கு முன்பே நிரப்பிவிட்டால், அந்த நான்கு பேரில் ஒருவராக ஆக வேண்டியதில்லை அக்கா.

சான் ரமோன் அப்பா:
உன் உழைப்புக்குத் தலை வணங்குகிறேன் அம்மா. ஆனால் டேக் உத்தரவாதம் தருவது டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாந்தா பார்பரா, சாந்தா குரூஸ் ஆறுக்கு மட்டும். அதிலும் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். இந்தப் பையன் கேட்கும் பெர்க்கிலி அதில் இல்லை. ஆறு இடங்களிலும்கூட கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்ஜினியரிங் மேஜர்கள் பலவற்றுக்கு டேக் கிடையாது. இரண்டு வருடம் கழித்து மறுபடியும் மெர்செட்டிலேயே வந்து நின்றால்?

கணக்கு ட்யூட்டர்:
நான் கணக்கு சொல்லிக்கொடுப்பவன், பதினைந்து வருடமாக இந்தப் பிள்ளைகளோடுதான் இருக்கிறேன். இருவருமே சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மெர்செட்டில் சேர்ந்துவிட்டு பெர்க்கிலிக்கு மாறலாம் என்று யாராவது யோசனை சொன்னால் நம்பாதீர்கள். டிரான்ஸ்ஃபரில் யூசி முன்னுரிமை தருவது கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு. ஒரு யூசியிலிருந்து இன்னொரு யூசிக்குப் போகிறவர்கள் அதற்கு அப்புறம்தான். ஆக, மெர்செட் என்றால் நான்கு வருடமும் மெர்செட் என்று மனதைத் தேற்றிக்கொண்டு போக வேண்டும்.

அடுத்தது காலக் கணக்கு. இரண்டு வருடம் என்று பேர்தானே தவிர, யூசி விண்ணப்பம் முடிவது இரண்டாம் வருட நவம்பர் இறுதியில். அப்போது கையில் இருப்பது முதல் வருட மார்க்கும் கோடைக்கால வகுப்புகளும் மட்டுமே. இலையுதிர் குவார்ட்டர் மார்க்கை ஜனவரி 31க்குள் தனியாக ஏற்ற வேண்டும், அதை மறந்து தவித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதனால் முதல் வருடத்தைப் பழகிக்கொள்ளும் வருடமாக வைத்துக்கொண்டால் கதை முடிந்தது.

அப்புறம் கால்குலஸ். டி ஆன்ஸாவில் அது 1ஏ, 1பி, 1சி, 1டி என்று நான்கு குவார்ட்டர். செமஸ்டர் முறைக் கல்லூரிகளில் பொதுவாக மூன்று செமஸ்டர். என்னிடம் வந்த பையன் ஒருவன் குவார்ட்டர் கல்லூரியில் இரண்டு வகுப்பு முடித்துவிட்டு, வீட்டுக்குப் பக்கம் என்று செமஸ்டர் கல்லூரிக்கு மாறினான். நடுவில் ஒரு பகுதி விட்டுப்போய், முடித்த வகுப்பையே திரும்ப எடுத்தான். ஒரு வருடம் போயிற்று. தொடங்கிய இடத்திலேயே தொடரை முடிக்கச் சொல்லுங்கள்.

குப்பர்டினோவாசி:
ஆப்பிள் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான வாஸ்னியாக்கே டி ஆன்ஸாவில் படித்துவிட்டுத்தான் பெர்க்கிலிக்குப் போனார். தைரியமாகச் சேருங்கள்.

சான் ரமோன் அப்பா:
அது 1970களின் தொடக்கம் நண்பரே. அன்றைக்கு இந்தப் படிப்புக்கு இவ்வளவு கூட்டமா இருந்தது? அதை வைத்து இன்றைய பிள்ளைக்கு முடிவு எடுக்க முடியாது.

சரி, ட்யூட்டர் சார் சொன்ன முன்னுரிமை விஷயம் எனக்குத் தெரியாது. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் என் கவலை போகவில்லை. எல்லாம் சரியாக நடந்தால் என்று நீங்கள் சொல்கிறீர்கள். பதினெட்டு வயதில் எல்லாம் சரியாக நடக்குமா?

பழைய டி ஆன்ஸாக்காரி:
நடக்காது அண்ணா, அதனால்தான் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும் என்கிறேன். 1960ல் கலிஃபோர்னியா போட்ட உயர்கல்வித் திட்டத்திலேயே கம்யூனிட்டி காலேஜ் என்பது பல்கலைக்கழகத்துக்குள் போகும் ஒரு வாசல்தான். இன்று மாநிலத்தில் 116 கல்லூரிகள். வாசலைத் திறந்து வைத்தார்கள், உள்ளே போகும் வழியைக் காட்டுவதைத்தான் பல பிள்ளைகளுக்கு யாரும் செய்வதில்லை. எனக்கு இஓபிஎஸ் என்ற உதவித் திட்டம் கிடைத்தது. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கானது. கவுன்சிலரை அடிக்கடி பார்க்கலாம், புத்தகத்துக்கு உதவி உண்டு, வகுப்புப் பதிவில் முன்னுரிமையும் உண்டு. அந்த முன்னுரிமை இல்லாதபோது கால்குலஸ் வகுப்பு நிரம்பி, காத்திருப்போர் பட்டியலில் நின்று அழுதிருக்கிறேன்.

பணத்தையும் பார்க்க வேண்டும். டி ஆன்ஸாவில் ஒரு குவார்ட்டர் யூனிட்டுக்கு (வகுப்பின் அளவைக் கணக்கிடும் அலகு) 31 டாலர். வருடத்துக்கு 45 யூனிட் என்றால் 1,395. யூசியில் விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் 40 ஆயிரத்தைத் தாண்டும்.

ஆனால் அக்கா, பணத்துக்காக மட்டும் அனுப்பாதீர்கள். அசிஸ்ட் தளத்தை மகனோடு உட்கார்ந்து திறங்கள். டி ஆன்ஸா, போக வேண்டிய பல்கலைக்கழகம், மேஜர் மூன்றையும் கொடுத்தால் எந்த வகுப்புக்கு எது ஈடு என்று காட்டும். பெர்க்கிலி ஒன்றை மட்டும் பார்க்காமல் நான்கைந்து இடம் பாருங்கள். பெர்க்கிலி கிடைக்காவிட்டால் எங்கே போவாய் என்று கேளுங்கள். அதற்கு அவனிடம் பதில் இல்லை என்றால் மெர்செட்டுக்கே அனுப்புங்கள். நானே அதைச் சொல்கிறேன்.

ஃப்ரீமாண்ட் அம்மா:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு சாப்பாட்டு மேஜையில் நீங்கள் சொன்னபடி ஆறு கட்டம் போட்டுக் கொடுத்தேன். நான் எதுவும் எழுதவில்லை, அவனையே எழுத விட்டேன். பெர்க்கிலி, யூசிஎல்ஏ, டேவிஸ், அர்வைன், சான் ஹோசே ஸ்டேட் ஐந்துக்கும் அசிஸ்டைத் திறந்து வைத்திருந்தான். கால்குலஸ் நான்கும் சரியாக உட்கார்ந்தது. பிசிக்ஸ் 4ஏ, 4பி போட்ட பிறகு சிஐஎஸ் 22சி என்ற கம்ப்யூட்டர் வகுப்புக்கு இடம் கிடைக்காமல் மூன்று முறை அழித்து எழுதினான். வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். "கோடையிலேயே ஒரு வகுப்பை முடித்துவிடேன்" என்றார். ஒரு வாரமாக இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போனவர்.

பெர்க்கிலி இல்லை என்றால் எங்கே என்று கேட்டேன். டேவிஸ் என்றான், கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னான். மே 1க்கு இன்னும் ஐந்து நாள். நாளை கவுன்சிலரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறோம், அந்தத் தாளோடுதான் போகிறோம். ட்யூட்டர் சார், கோடையில் எந்த வகுப்பை வைத்தால் நல்லது?

கணக்கு ட்யூட்டர்:
பொதுப்பாடம் எதையாவது வையுங்கள், ஆங்கிலக் கட்டுரை வகுப்பு நல்லது. முதல் கோடையில் கணக்கை வைக்காதீர்கள், ஆறு வாரத்தில் ஓட்டிவிடுவார்கள்.